காலி வண்டி எடை

இந்த வருஷத்தில் இது நாலாவது தடவை.
போன தடவை ஊசி குத்திய இடம்
திம்மராயப்பன் புறங்கையில்
இன்னும் மஞ்சளாகவே கிடக்கிறது.

ராத்திரி ஒன்றரை. காய்ச்சல் நூற்றிரண்டு.
இல்லத்தின் சட்டம் ஆபீஸ் கதவில் ஒட்டியிருக்கிறது:
நூற்றொன்றைத் தாண்டினால் போன் போடு, யோசிக்காதே.
யோசிப்பதற்கு எனக்குச் சம்பளமும் இல்லை.
போட்டேன்.

ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்
விளக்கணைத்து நின்றன.
பெங்களூரா மாங்காயின் பால்மணம்
ஆம்புலன்ஸ் டெட்டாலுக்குள் ஏறியது.
கண் திறக்காமலே மூக்கை உறிஞ்சினார்.
"பன்னெண்டு டன்னு இருக்கும்.
மேல ஈரத்தழை போட்டிருப்பான், அதைக் கழிக்கணும்."
இருபத்தேழு வருஷம்
மாங்காய் மண்டியில் எடைமேடை பார்த்தவர்.

என் மடியில் அவருடைய மஞ்சள் பை.
எல்லாம் இருந்தது, பல்செட்டைத் தவிர.
அது கட்டிலோரத் தம்ளரில்
யாருமில்லாத அறையைப் பார்த்து
சிரித்துக்கொண்டிருக்கும்.

போலுப்பள்ளி ஆஸ்பத்திரி. வெள்ளை வெளிச்சம்.
"பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"
முதல் தடவை உண்மையைச் சொன்னேன்.
அதற்கு சீட்டில் இடமில்லை என்றார்கள்.
அடுத்த தடவை மகள். அதற்கடுத்து மருமகள்.
இன்று சீட்டுக்காரப் பையன்
நிமிராமல் அவனாகவே எழுதினான்: மனைவி.
எனக்கு நாற்பத்தொன்பது வயது.
விட்டுவிட்டேன்.

இல்லத்தில் என்னை சகாயமேரி என்று கூப்பிடுகிறவர்
இங்கே வந்ததும் டிரைவர் என்கிறார்.
"வண்டியை முன்னால எடு.
பின்சக்கரம் மேடை ஏறலை."
சலைன் ஊசியைப் பிடுங்கப் போனார்.
கையைக் கட்டிவிடச் சொன்னார்கள்.
கட்டவில்லை, பிடித்துக்கொண்டேன்.
பிடிப்பதும் கட்டுவதுதான்,
துணிக்குப் பதில் விரல்.

பெங்களூரில் மகன் போனை எடுத்தான்.
"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டீங்கல்ல?"
போயிட்டோம்.
"அப்பாடா."
அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது
நானும் அதையேதான் சொன்னேன்.

பயிற்சி டாக்டருக்கு என் தங்கை மகள் வயசு.
தூங்கி இரண்டு நாள் ஆன கண்.
"மூத்திரத்துல கிருமி, அவ்வளவுதான்.
அங்கேயே மாத்திரை கொடுத்திருக்கலாமே அக்கா?"
கொடுத்திருக்கலாம்.
அங்கே எழுதித்தர யாராவது இருந்திருந்தால்.

மருந்து அளவுக்கு எடை கேட்டாள்.
பையிலிருந்த எந்தக் காகிதத்திலும் இல்லை.
இரண்டு பேர் இரண்டு அக்குளில் கைகொடுத்து
இயந்திரத்தின்மேல் நிறுத்தினோம்.
எண் நடுங்கி நடுங்கி நின்றது.
முப்பத்தெட்டு.

குனிந்து பார்த்தார்.
அந்த ராத்திரி முழுக்க அவர் பேசியதில்
குழறாமல் வந்தது இது ஒன்றுதான்:
"லோடு இறக்கியாச்சு.
இது காலி வண்டி எடை. சீட்டுல எழுதிக்கோ."
டாக்டர் சிரித்தாள்.
பிறகு பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தாள்.

கொண்டுவந்த வண்டி எப்போதோ போய்விட்டது.
ஐந்நூறு ரூபாய் கேட்ட ஆட்டோவில்
என் தோளில் சாய்ந்து வந்தார்.
லாரி வரிசை நாலு வண்டி நகர்ந்திருந்தது.
மேம்பாலம் தாண்டும்போது
"மேரி, பல்லு எங்கே?" என்றார்.
சரி, திரும்பி வந்துவிட்டார்.

பதிவேட்டில் எழுதினேன்: 4.50, திரும்பினோம்.
குறிப்பு என்ற கட்டத்தில் 38.
கையெழுத்துப் போடுவதற்குள்
ஏழாம் கட்டில் மாரக்கா முனகினாள்.

தெர்மாமீட்டரை உதறி வைத்தேன்.
நூறு புள்ளி எட்டு.
சட்டப்படி
இன்னும் கொஞ்ச நேரம்
பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.